சுங்கை சிப்புட்டிலிருந்து தெமெங்கோர் ஏரிக்கு ஒரு நாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் என் கைப்பேசி ஓயாது. "அண்ணே, பண்டிங்குக்கு ஒரே நாள்ல போயிட்டு வந்திடலாமா?" "ஆயாவுக்கு முட்டி வலி, தாங்குமா?" "புரட்டாசி மாசம், அங்க சைவம் கிடைக்குமா?" நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வேன் ஓட்டுகிறவன். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, இப்போது தாமான் (குடியிருப்பு) வீட்டில் இருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவையாவது யாரையாவது ஏற்றிக்கொண்டு அந்தச் சடக்கில் (சாலையில்) மேலே போய்விட்டு வருகிறேன். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

நீங்கள் சொல்வது எந்த ஏரி?

தெமெங்கோர் ஏரி. பேராக்கின் வடகோடியில், கிரிக் பட்டணத்தைத் தாண்டி இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 15,200 ஹெக்டர். தீபகற்பத்தில் திரங்கானுவின் கெஞ்ஞிர் ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். இயற்கையாக உண்டானதில்லை. 1970-களில் பேராக் ஆற்றின் குறுக்கே 127 மீட்டர் உயரத்துக்கு அணை கட்டினார்கள். பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறி, குன்றுகளின் உச்சி மட்டும் தீவு தீவாக நின்றுவிட்டது. அதில் ஒன்றுதான் பண்டிங் தீவு. நம் ஆட்கள் 'பண்டிங் போறோம்' என்றால் இந்த ஏரியைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் நான் சொல்லும் பயணம் ஏரிக்குப் போனபிறகு தொடங்குவதில்லை. கோலக்கங்சாரிலேயே ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறோம். பேராக் ஆற்றில் மேலிருந்து கீழாகத் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்று நான்கு அணைகள். ஒரே தண்ணீர் நான்கு இடத்தில் மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் கோலக்கங்சார் பாலத்தடிக்கு வந்து சேருகிறது. நாம் அந்தத் தண்ணீர் வந்த வழியைத் தேடிப் போகிறோம்.

ஏரியை முழுதாக ஒரு சுற்று சுற்றி வரலாமா?

முடியாது. கரை முழுக்கக் காடு. ஏரியைச் சுற்றிச் சடக்கு இல்லை. கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை மட்டும் பண்டிங் தீவில் கால் வைத்து, இரண்டு பாலங்களில் ஏரியைத் தாண்டிக் கிளந்தான் பக்கம் போகிறது. போன வழியில்தான் திரும்ப வேண்டும். கிரிக்கிலிருந்து பாலிங் பக்கம் இறங்கி, கெடா வழியாகச் சுற்றி வரவும் சடக்கு உண்டு. ஒரு நாளில் அது வெறும் ஓட்டமாகத்தான் முடியும், பார்க்க எதுவும் மிஞ்சாது. போகும்போது காலை வெளிச்சத்தில் பார்த்த ராபான் ஏரியும் மாலையில் திரும்பும்போது பார்க்கும் ராபான் ஏரியும் வேறு வேறு. அதனால் ஒரே சடக்கில் வருவது நஷ்டமில்லை.

தூரம், நேரம், செலவு?

போக வர ஏறக்குறைய 360 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் போனால் ஒரு வழிக்கு மூன்று மணி நேரம். சுங்கை சிப்புட்டிலிருந்து பழைய சடக்கில் கோலக்கங்சார், அங்கிருந்து 76-ஆம் எண் சடக்கில் சவுக், லெங்கோங், கிரிக், பிறகு கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. இந்த வழியில் டோல் கிடையாது. மைவி மாதிரிச் சின்ன காருக்குப் போக வர 25 லிட்டர் பெட்ரோல் வைத்துக்கொள்ளுங்கள். காரை எடுக்கும் ஆள் மைகாட்டை (அடையாள அட்டையை) மறந்துவிட வேண்டாம். மானிய விலையில் எண்ணெய் ஊற்ற அது வேண்டும்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது?

ஐந்து மணிக்கு. தோட்டத்தில் பெரட்டுக்கு (விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்து பழகிய குடும்பங்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. பெரியவர்கள் நாலரைக்கே குளித்துப் பொட்டு வைத்து வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகளை எழுப்புவதுதான் பாடு.

திரும்பும் நேரம்தான் இதைவிட முக்கியம். மாலை நான்கு மணிக்குப் பண்டிங்கை விட்டுவிட வேண்டும். ஐந்துக்குள் கிரிக்கைத் தொட்டுவிட்டால் காட்டுச் சடக்கை வெளிச்சத்திலேயே கடந்தாயிற்று. "இன்னும் அரை மணி நேரம், அண்ணே" என்று யார் கெஞ்சினாலும் நான் இளகுவதில்லை. காரணம் பின்னால் வருகிறது.

முதலில் எங்கே நிறுத்துவது?

கோலக்கங்சாரில், மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கித்தா (ரப்பர்) மரத்தடியில். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் யாராக இருந்தாலும் இந்த மரத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். 1876-இல் பிரேசிலிலிருந்து எடுத்துப்போன விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்தார்கள். 1877-இல் அந்தக் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலக்கங்சாரில் நட்டவர் அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த சர் ஹியூ லோ. அந்த ஒன்பதில் மிஞ்சிய மரம் இது.

இந்த மரமும் இதன் கூடப்பிறந்தவையும் இங்கே வேர் பிடிக்காமல் போயிருந்தால், கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் வேறு எங்கோ போயிருப்பார்கள், நாம் இங்கே இருந்திருக்க மாட்டோம்.

என் அம்மா 31 வருடம் பால் வெட்டியவர். முதல் தடவை அவரை அங்கே அழைத்துப் போனபோது, பலகையில் எழுதியிருந்ததை நான் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் காதில் விழவே இல்லை. மரத்தைச் சுற்றி வந்து எதையோ தேடினார். கேட்டதற்கு, "வெட்டுப்பட்டை எந்தப் பக்கம்னு பாக்கிறேன்யா" என்றார். பிறகு வலது கையைத் தூக்கி, இடது மேலிருந்து வலது கீழாகக் காற்றில் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். உளி பிடித்த அதே சாய்வு. விட்டுப் பதினெட்டு வருடம் ஆகியும் கை மறக்கவில்லை. "இவ்ளோ தடிச்ச மரத்துக்குப் பால் பிடிக்க மங்கு ஒண்ணு பத்தாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அதற்குப் பிறகு பெரியவர்கள் யார் வந்தாலும் அங்கே நிறுத்தாமல் நான் போவதில்லை.

கோலக்கங்சாரில் வேறு என்ன?

1917-இல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசலின் தங்கக் குவிமாடங்கள் விடியற்காலை வெளிச்சத்தில் அழகு. ஆற்றுக்கு அக்கரையில் சாயோங்கில் செய்யும் சுரைக்காய் வடிவக் கறுப்பு மண்குடுவை, லாபு சாயோங், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். அதில் ஊற்றிவைக்கும் தண்ணீர் நம் மண்பானைத் தண்ணீர் மாதிரியே குளிர்ந்திருக்கும். நேரம் இருந்தால் காராய் பக்கம் விலகி விக்டோரியா பாலத்தையும் பாருங்கள். 1900-இல் திறந்த ரயில் பாலம், செங்கல் தூண்கள் இன்னமும் ஆற்றில் கம்பீரமாக நிற்கின்றன. ரயில் இப்போது பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது. பழையதன் ஓரப் பாதையில் நடந்து போகலாம். நம் ஊருக்குக் கிட்டத்தில் இருப்பதால் இதை வேறொரு நாளைக்கு ஒத்திப் போட்டாலும் பாதகமில்லை.

சவுக் தாண்டும்போது ஏன் வேனை மெதுவாக்குகிறீர்கள்?

ஒரு தங்கச்சி கேட்டாள். 2000 ஜூலையில் அல்-மாவுனா என்ற ஆயுதக் கும்பல் ராணுவ முகாமில் ஆயுதங்களைக் கொள்ளையடித்துக்கொண்டு சவுக்கில் புக்கிட் ஜெனாலிக் குன்றில் பதுங்கியது. பிணையாகப் பிடித்தவர்களில் துப்பறியும் போலீஸ்காரர் ஆர். சகாதேவனையும், சரவாக்கைச் சேர்ந்த ராணுவ வீரர் மெத்தியூ மேடானையும் கொன்றுவிட்டார்கள். அந்தக் குன்று இருக்கும் திசையைப் பார்த்து ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவது என் வழக்கம்.

செண்டரோவும் ராபானும் ஒன்றா?

ஒரே தேக்கத்தின் பகுதிகள். செண்டரோ அணை 1930-இல் வேலை செய்யத் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய நீர்மின் அணைகளில் ஒன்று. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுக்கக் கட்டியது. நின்றுபோன தண்ணீர் விரிந்து ராபான் வரைக்கும் ஏரியாகக் கிடக்கிறது. சடக்கு அதை ஒட்டி ஓடிப் பாலத்தில் தாண்டுகிறது. ஓய்விடத்தில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் நில்லுங்கள். காலையில் மூடுபனி தண்ணீர்மேல் ஒரு முழ உயரத்துக்குப் படுத்திருக்கும். மீனவரின் படகு அதற்குள் இடுப்பளவு மறைந்து, ஆள் மட்டும் தனியாக நகர்வது போலத் தெரியும்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு நினைப்பு வருகிறது. 1930-லிருந்து இந்த ஆற்றின் மின்சாரம் நம் ஊர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. எங்கள் லயத்தில் நான் படிவம் மூன்று படிக்கும் வரைக்கும் தோட்டத்து எஞ்சின் வெளிச்சம்தான். இரவு பத்தானால் எஞ்சின் நிற்கும், அதற்குமேல் மண்ணெண்ணெய் விளக்கில் பாடம். கம்பி எங்கள் தலைக்குமேல் போனது, வீட்டுக்குள் வரவில்லை. அதனால்தான் அணையைப் பார்க்கும்போது என்னால் வெறும் காட்சியாகப் பார்க்க முடிவதில்லை.

லெங்கோங்கில் இறங்க வேண்டுமா? வெறும் குகை என்கிறார்களே?

இறங்குங்கள். 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பள்ளத்தாக்கு இது. கோத்தா தம்பானில் கற்கருவி செய்த பட்டறை ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சுமத்ராவின் தோபா எரிமலை ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது பறந்து வந்த சாம்பல் அந்த மண்ணில் படிந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை 'பேராக் மனிதன்' கதை. 1991-இல் குனோங் ருந்தோ குகையில் கிடைத்த எலும்புக்கூடு, வயது பத்தாயிரம் ஆண்டுக்கு மேல், ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்தது. அந்த ஆளுக்குப் பிறவியிலேயே இடது கையில் ஊனம். வேட்டையாடிச் சாப்பிட்ட காலத்தில் ஒரு கை சரியில்லாதவர் நடுவயது தாண்டி வாழ்ந்திருக்கிறார். யாரோ அவருக்குச் சோறு போட்டிருக்கிறார்கள், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இறந்தபோது கால்களை மடக்கிப் படுக்க வைத்து, கல்லாயுதங்களும் ஆற்று நத்தைகளும் கூட வைத்துப் புதைத்திருக்கிறார்கள். நத்தைக்கு மலாயில் சிப்புட். நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிற சொல். ஒரு தடவை வேனில் வந்த சின்னப் பையன், "அப்போ அவரு நம்ம ஊர்க்காரரா அங்கிள்?" என்று கேட்டான். ஒரே ஆறுதானே, ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். குகைகளுக்கு ஏறும் திட்டத்தை ஒரு நாள் பயணத்தில் சேர்க்க வேண்டாம், நேரம் பத்தாது.

கிரிக்கில் என்ன வேலை?

மூன்று வேலை. எண்ணெய் நிரப்புவது, கழிவறைக்குப் போவது, பசியாறுவது. இந்த மூன்றையும் 'பண்டிங் போய்ப் பாத்துக்கலாம்' என்று தள்ளிப் போடாதீர்கள். கிரிக்குக்குப் பிறகு காடுதான். கைப்பேசித் தொடர்பும் விட்டு விட்டுத்தான் வரும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்வதானால் கிரிக்கிலேயே சொல்லிவிடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிரிக்கில் மாமாக் கடை உண்டு. ரொட்டி சனாய், தோசை கிடைக்கும், குழம்பு ஊற்றும்முன் கேட்டுக்கொள்ள வேண்டும். பண்டிங்கில் சைவத்தை நம்பிப் போகக் கூடாது. புரட்டாசியிலும், வெள்ளி சனியில் விரதம் இருப்பவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: கட்டுச்சோறு. புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், கொஞ்சம் ஊறுகாய். வாழையிலையில் கட்டினால் மதியம் ஏரிக்கரையில் பிரிக்கும்போது வரும் வாசனைக்கு எந்தக் கடையும் ஈடில்லை. பால்கோப்பிக்குப் பெரிய பிளாஸ்க் ஒன்று. மிச்சத்தையும் பிளாஸ்டிக்கையும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். கரையில் விட்டுவந்த சோற்று வாசனைக்கு யானையும் குரங்கும் வரும்.

கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை ஆபத்து என்கிறார்களே?

ஒழுங்காக ஓட்டினால் ஓட்டலாம். ஆனால் அந்தச் சடக்குக்கு மரியாதை கொடுக்க வேண்டும். 1970-இல் வேலை தொடங்கி 1982-இல்தான் திறந்தார்கள். கம்யூனிஸ்டு ஆயுதப்படை காட்டில் இருந்த காலம், ராணுவக் காவலோடுதான் போட்டார்கள். திறந்த பிறகும் இரவில் மூடி வைத்தார்கள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலம் 1948-இல் நம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் விழுந்த துப்பாக்கிச் சத்தத்தில் தொடங்கியது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதன் கடைசி அத்தியாயம் இந்தக் காட்டில் நடந்தது.

இப்போது பயப்பட வேண்டியது வேகத்துக்கு. 2025 ஜூன் 9 அதிகாலையில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றிவந்த பேருந்து பண்டிங் ஏரிக்கு அருகே கவிழ்ந்து 15 பிள்ளைகள் போய்விட்டார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போது என் கால் தானாக எண்ணெய் மிதியை விட்டுவிடும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பொறுமையாகப் போங்கள். வளைவில் எட்டிப் பார்த்து முந்துகிற பழக்கத்தைக் கிரிக்கிலேயே விட்டுவிடுங்கள்.

யானை வந்தால்?

வரும். அது அவற்றின் வழி, நாம்தான் குறுக்கே சடக்கு போட்டிருக்கிறோம். 2025 மே 11, அன்னையர் தினம். இந்தச் சடக்கில் ஒரு லாரி மோதி யானைக்குட்டி ஒன்று அடியில் சிக்கிச் செத்தது. தாய் லாரியைத் தலையால் முட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நகராமல் நின்றது. அந்தப் படத்தை நாடே பார்த்தது. மாலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பது நமக்காக மட்டும் இல்லை.

ஒரு தடவை ஒரு குடும்பத்தின் பேச்சைக் கேட்டு ஆறரைக்குக் கிளம்பிவிட்டேன். மழை விட்ட நேரம், இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் வந்தது வாசனை. மாட்டுக்கொட்டகை வாசனையும் பச்சைத்தழை கசக்கிய வாசனையும் சேர்ந்தாற்போல். பிறகு சடக்கில் பெரிய பெரிய சாணி, ஆவி பறந்துகொண்டிருந்தது. அடுத்த வளைவில் மூன்று பேர் ஓரமாகப் புல் பிடுங்கிக்கொண்டு நின்றார்கள். வேனை நிறுத்தி, பெரிய விளக்கை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டி, "பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். இருபது நிமிடம் கழித்து அவை தாமாகவே சரிவில் இறங்கிப் போயின. இறங்கும்போது ஒரு கிளை முறியும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். தூரத்திலேயே நில்லுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், பெரிய விளக்கைப் போடாதீர்கள். படம் எடுக்க இறங்கவே கூடாது. காதை விரித்து உங்கள் பக்கம் திரும்பினால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். பின்னால் வரும் வண்டிகளுக்கு அபாய விளக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

பண்டிங்கில் என்னதான் பார்ப்பது?

தண்ணீரும் மலையும்தான். சவாரி ராட்டினம், பேரங்காடி எதுவும் கிடையாது. அதற்காகத்தான் வருகிறோம் என்று பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

பாலத்துக்கு முன்னால் வண்டியை ஒதுக்குப்புறமாக நிறுத்திவிட்டு, பாலத்தின் ஓரமாக நடந்து போய் கீழே பாருங்கள். நாற்பது வருடத்துக்கு மேல் தண்ணீரில் நிற்கும் பட்டமரங்கள் தெரியும். காட்டை முழுதாக வெட்டாமலே தண்ணீர் ஏறியதால் அப்படியே நின்றுவிட்டன. பட்டை போய், சாம்பல் நிறத்தில், சில மரங்களுக்கு உச்சி மட்டும் ஒரு விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் குறையும் மாதங்களில் இன்னும் நிறையத் தெரியும். ஒவ்வொன்றின் இடுப்பிலும் பழைய நீர்மட்டத்தின் கோடு. சிலவற்றின் பொந்தில் பறவை கூடு கட்டி, செத்த மரத்தின் தலையில் பச்சையாகப் பெரணி முளைத்திருக்கும்.

இருவாச்சிப் பறவையைக் கண்டால் விடாதீர்கள். மலேசியாவில் இருக்கும் பத்து வகை இருவாச்சியும் இந்தப் பெலும் தெமெங்கோர் காட்டில் உண்டு. பெரியது பறக்கும்போது சிறகுச் சத்தம் நீராவி எஞ்சின் மூச்சு விடுவது போலத் தலைக்குமேல் கேட்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் ஒரு வகை கூட்டம் கூட்டமாக மாலையில் ஏரியைத் தாண்டும்.

அம்மாவிடம் இந்தத் தண்ணீர்தான் நான்கு அணையில் விழுந்து வெளிச்சமாகிறது என்று சொன்னேன். பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்ளோ தண்ணி கிடந்துச்சு. நாம மண்ணெண்ணெய்க்குக் கடைக்காரன்கிட்ட கடன் சொல்லிக்கிட்டு இருந்தோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

படகில் போகலாமா?

குறுகிய சவாரி போகலாம். ஏரியின் வடக்குப் பக்கம் உள்ள அரச பெலும் மாநிலப் பூங்கா வேறு கணக்கு. 2007-இல் பூங்காவாக அறிவித்த 117,500 ஹெக்டர் காடு அது, நுழைய முன்கூட்டியே பெர்மிட் எடுக்க வேண்டும். ரஃப்லேசியா பூ, அருவி என்றெல்லாம் ஆசைப்பட்டால் இரண்டு நாள் ஒதுக்கி, அனுமதியோடு ஏற்பாடு செய்யுங்கள். ஒரு நாள் பயணத்தில் திணிக்காதீர்கள்.

சின்னச் சவாரியிலும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை, பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில். ஒரு தடவை பத்துப் பேருக்கு ஆறு சட்டைதான் இருந்தது. "கரையோரமாத்தான் போவோம், பயமில்லை" என்றார் படகுக்காரர். முன்பணம் திரும்பி வரவில்லை. பரவாயில்லை என்று எல்லாரையும் இறக்கிவிட்டேன். கீழே மூழ்கிய மரங்கள் நிற்கிற ஏரி, கரையோரமும் ஆழம்தான்.

ஓராங் அஸ்லி கிராமத்துக்குப் போய்ப் பார்க்கலாமா?

பண்டிங் பக்கம் ஜஹாய், தெமியார் என்னும் பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். ஏரி நிறைந்தபோது இருந்த இடத்தை விட்டு எழுப்பப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. தோட்டம் விலைபோய், லயத்தைக் காலி செய் என்று நோட்டீஸ் வந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அழைப்பு இல்லாமல் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும், பிள்ளைகளைக் கேட்காமல் படம் பிடிப்பதும், மிட்டாய் வீசுவதும் வேண்டாம். சடக்கோரம் காட்டுப் பொருள் விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

எந்த மாதம் நல்லது?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை, மண்சரிவு பயம் உண்டு, அந்தச் சமயம் தவிருங்கள். ஜூன், ஜூலையில் போனால் சடக்கோரம் டுரியான் இருக்கும். வேனுக்குள் ஏற்ற நான் அனுமதிப்பதில்லை, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள்.

வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாமா?

வயதானவர்களை அவசியம் அழைத்துப் போங்கள். ஐம்பது வருடம் இந்த ஆற்றுக்கு முப்பது கிலோமீட்டருக்குள் வாழ்ந்துவிட்டு இதைப் பார்க்காத ஆயாக்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். வேலை, விட்டால் கோயில், விட்டால் கலியாண வீடு. அவ்வளவுதான் அவர்கள் பார்த்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்திக் காலை நீட்டச் சொல்லுங்கள். முன்சீட்டை அவர்களுக்குக் கொடுங்கள். மருந்தை மதியச் சாப்பாட்டோடு போடுகிறவர்கள் கைப்பையிலேயே வைத்திருக்கட்டும், பின்னால் மூட்டைக்கு அடியில் வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கிரிக்குக்கு மேல் வளைவில் குமட்டும். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு வெளியே பார்க்கச் சொல்லுங்கள், கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்கள்.

திரும்பும்போது என்ன வாங்கலாம்?

லெங்கோங்கில் பெக்காசாம். ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசியும் போட்டுப் புளிக்க வைத்தது. லோமா மீன் பெக்காசாமுக்கு அந்த ஊர் பேர்போனது. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளித்துப் போட்டால் பழைய சோற்றுக்கு அப்படியொரு பொருத்தம். கருவாடு சாப்பிடுகிற எந்த வீட்டிலும் இது ஒரே நாளில் தீர்ந்துவிடும். இரண்டு பைக்குள் கட்டி வாங்குங்கள். இல்லாவிட்டால் கோலக்கங்சார் வரும்வரை கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

வீடு திரும்ப எத்தனை மணியாகும்?

நான்குக்குப் பண்டிங்கை விட்டால், ராபானில் ஒரு தே தாரேக் குடித்துவிட்டும் எட்டுக்குள் சுங்கை சிப்புட். நல்ல வெள்ளிக்கிழமையாக இருந்தால் கோயிலில் அர்ச்சனை முடியுமுன் போய் நின்றுவிடலாம்.